என் தங்கை பல் தொழில் கற்ற கதை

உங்கள் வீட்டில் சாதாரண தரப் பெறுபேறு வந்து, அடுத்து என்ன பிரிவில் படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை இருக்கலாம். அல்லது, "எனக்கு விஞ்ஞானம் தெரியாது, இனி வயதும் போய்விட்டது" என்று சொல்லும் ஒரு தங்கையோ மருமகளோ இருக்கலாம். அப்படி யாரும் இருந்தால் இதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இதில் என்னுடைய பிழையும் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் கதை பாதியாகிவிடும்.

நான் புல்மோட்டையில் மௌலவி ஆசிரியர். வுழூவின் சுன்னத்துகளைக் கற்பிக்கும்போது மிஸ்வாக்கைப் பற்றி எத்தனையோ வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். ஆனால் பல்லைத் துலக்காவிட்டால் முரசுக்குள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அதை எனக்குச் சொல்லித் தந்தது என் தங்கைதான். அவள் கலைப்பிரிவில் படித்தவள். அவளைக் கலைப்பிரிவில் படிக்க வைத்தவன் நான்.

எங்கள் வாப்பா கனியமணல் கூட்டுத்தாபனத்தில் வேலை செய்தவர். 1998இல் மௌத்தாகிவிட்டார். மூத்தவன் என்ற முறையில் வீட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 2001இல் தங்கையின் சாதாரண தரப் பெறுபேறு வந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. அரபுக் கல்லூரியில் பட்டம் பெற்று வந்த புதிது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் கூடவே வந்திருந்தது. அவளுக்கு விஞ்ஞானத்தில் விசேட சித்தி. அவள் படித்த பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. படிப்பதானால் திருகோணமலை நகரில் விடுதியில் நின்று படிக்க வேண்டும். யுத்த காலம். ஆற்றைப் பாதையில் ஏறிக் கடந்து, சோதனைச் சாவடிதோறும் இறங்கி ஏறிப் போகும் பயணம்.

"பெண் பிள்ளைக்குக் கலைப்பிரிவு போதும்" என்றேன். "சரி நானா" என்றாள். அவ்வளவுதான். உயிரியலுக்கென்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த பெரிய கொப்பிகளை அடுத்த வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டாள் என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

பாதையில் பயம் இருந்தது உண்மைதான். ஆனால் பக்கத்து வளவுப் பெண் ஒருத்தி அதே வருடம் அதே பாதையால் போய்த்தான் படித்தாள். ஆகவே பயம் முழுக் காரணம் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

நம் நாட்டில் பாடசாலைகளை வகைப்படுத்தும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானம் உள்ள பாடசாலை. 1சி என்றால் கலையும் வர்த்தகமும் மட்டும். பத்து வயதுப் பிள்ளை எந்த வகைப் பாடசாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது என்பதே அதற்கு 'விஞ்ஞான மூளை' உண்டா இல்லையா என்பதைப் பல ஊர்களில் தீர்மானித்துவிடுகிறது. பிறகு நாம், "அவளுக்கு விஞ்ஞானம் வராது" என்று பேசிக்கொள்கிறோம்!

தங்கை தமிழ், இஸ்லாமிய நாகரிகம், புவியியல் படித்தாள். வெளிவாரியாகப் பட்டம் முடித்தாள். ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக நல்ல பெயர் எடுத்தாள். திருமணமாகி 2014இல் கணவனோடு இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போனாள். அங்கே அவளுடைய பட்டத்துக்கும் ஆசிரிய அனுபவத்துக்கும் உடனடியாக ஒரு வேலையும் கிடைக்கவில்லை.

2016இல் ஒரு நாள் போன் எடுத்து, "நானா, பல் கிளினிக் ஒன்றில் நேர்ஸ் வேலை பழகப் போறேன்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரீச்சரா இருந்த நீ, மத்தவங்கட ஊத்தைப் பல்லைக் கழுவவா போறாய்?" என்று கேட்டேன். அதன் பிறகு இரண்டு மாதம் உம்மாவோடு மட்டும்தான் பேசினாள்.

அங்கே பல் வைத்தியத் தாதி வேலைக்கு விஞ்ஞானத்தில் உயர்தரச் சித்தி தேவையில்லை. பயிலுநராகச் சேர்ந்து, சம்பளம் பெற்றுக்கொண்டே படித்துப் பரீட்சை எழுதலாம். 2008 முதல் அங்கே பல் தாதிமாரும் பொதுப் பல் வைத்திய மன்றத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். கருவிகளைக் கிருமி நீக்குவது, வைத்தியர் சொல்லச் சொல்லப் பல்லின் இலக்கங்களைக் குறிப்பது, கதிரையில் நடுங்கிக்கொண்டு இருக்கும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்வது, இவைதான் வேலை. கடைசியாகச் சொன்னது ஆரம்பப் பிரிவு ரீச்சருக்குப் பழக்கமானதுதானே! 2018இல் பதிவு கிடைத்தது.

அதே கிளினிக்கில் அடுத்த அறையில் ஒரு ஹைஜினிஸ்ட் இருந்தார். பற்சுகாதாரவியலாளர் என்று நாம் சொல்லலாம். பல் பிடுங்குவதும், ஓட்டை அடைப்பதும் அவருடைய வேலையல்ல. பல்லிலும் முரசுக்குக் கீழேயும் கெட்டியாகப் படிந்த கல்லைச் சுரண்டி எடுப்பது, முரசின் ஆழத்தை அளப்பது, எப்படித் துலக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் கற்பிப்பது, வாயில் சந்தேகமான மாற்றம் ஏதும் உண்டா என்று பார்ப்பது ஆகியவை அவருடைய பொறுப்பு. 2013 முதல் இங்கிலாந்தில் பல் வைத்தியரைப் பாராமலே நேரடியாக இவர்களிடம் போகலாம் என்ற அனுமதியும் இருக்கிறது. அந்த அம்மா முன்னர் தலைமுடி அலங்கரிக்கும் கடையில் வேலை செய்தவராம். "நீயும் படிக்கலாமே" என்று தங்கையிடம் சொன்னது அவர்தான். கூடப் பிறந்த நான் சொல்லாததை அந்த அம்மா சொன்னார்.

இந்தத் தொழில் எப்படித் தொடங்கியது என்று பிறகு தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் அல்பிரட் போன்ஸ் என்ற பல் வைத்தியர் இருந்தார். பல் கெட்ட பின் பிடுங்குவதைவிடக் கெடாமல் காப்பது மேல் என்று நினைத்த அவர், தம்மிடம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற பெண்ணுக்கு 1906இல் இந்த வேலையைக் கற்பித்தார். 1913இல் ஒரு வகுப்பே தொடங்கினார். அந்த முதல் வகுப்பில் சேர்ந்த பெண்களுக்குள்ளே பாடசாலை ஆசிரியைகளும் இருந்தார்கள். படித்து முடித்தவர்கள் அவ்வூர்ப் பாடசாலைகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்து, சுத்தம் செய்யக் கற்றும் கொடுத்தார்கள். ஆக, ரீச்சர்மார் இந்தத் தொழிலுக்கு வந்தது என் தங்கையோடு தொடங்கிய புதுமை அல்ல.

சரி, தங்கையிடம் வருவோம். ஹைஜினிஸ்ட் படிப்புக்கு விஞ்ஞானம் கேட்டார்கள். இங்கிலாந்தில் பாடசாலையில் தவறவிட்டதைப் பெரியவர்கள் ஒரு வருடத்தில் படித்துப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற 'அக்சஸ்' என்ற ஒரு டிப்ளோமா இருக்கிறது. பகலில் கிளினிக், மாலையில் கல்லூரி என்று 2019இல் அதில் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. ஒரு பிள்ளையும் இருந்தது. வகுப்பில் இருந்தவர்கள் பலருக்கு வயது இருபதைத் தாண்டவில்லை.

முதல் மூன்று மாதம் அழுதுகொண்டுதான் பேசினாள். இரசாயனவியல் தலையில் ஏறவில்லை. சொற்களோ எல்லாம் இலத்தீனும் கிரேக்கமும். ஒரு நாள், "நானா, நீங்க ஸர்ஃப் எப்படிப் பாடமாக்கினீங்க?" என்று கேட்டாள். வாசகர்களில் மத்ரஸாவில் ஓதியவர்களுக்குத் தெரியும், அரபுச் சொல்லின் மூல எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து நூறு சொற்களைப் பிறப்பிப்பதுதான் ஸர்ஃப். அதைச் சொன்னேன். அவள் பிடித்துக்கொண்டாள். 'ஜிஞ்ஜிவா' என்றால் முரசு. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. சேர்த்தால் ஜிஞ்ஜிவைட்டிஸ். 'பெரி' என்றால் சுற்றி, 'ஒடொன்ட்' என்றால் பல், ஆகவே பெரியோடொன்டைட்டிஸ் என்றால் பல்லைச் சுற்றியுள்ள பிடிமானத்தில் அழற்சி. மூலத்தைப் படித்தால் கிளைகள் தாமாக வரும். சமையலறைச் சுவரில் தாள் ஒட்டி, ரொட்டி சுடும்போது ஓதி ஓதிப் பாடமாக்கினாள். கலைப்பிரிவில் படித்தவர்களுக்கு மனனமும் மொழியும் கைவந்தவை. விஞ்ஞானப் படிப்பில் அவையும் பெரும் பங்கு வகிக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கணக்கும் இரசாயனமும் அப்படி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குக் கஷ்டப்பட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. கொரோனா வந்து கல்லூரியை மூடியதும் வகுப்புகள் கணினிக்கு மாறின. ஆனால் அந்த நாட்களில்தான் தனக்கு விளங்கியதை எனக்குப் படிப்பிக்கத் தொடங்கினாள். ரீச்சர் புத்தி எங்கே போகும்! வட்ஸ்அப்பில் அவள் நடத்திய முதல் பாடம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வாயில் உள்ள கிருமிகள் நாம் உண்ணும் சீனியைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலத்தை அளக்க 'பீ எச்' என்று ஓர் அளவு உண்டு. அது சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதை மெல்ல மெல்லச் சரிசெய்யும், அதற்கு அரைமணி, ஒரு மணி நேரமாவது பிடிக்கும். "இப்ப சொல்லுங்க நானா, ஒரே தடவையில நாலு வட்டிலப்பம் தின்கிறவருக்குக் கேடா, நாள் முழுக்கச் சீனி போட்ட பிளேன்டீயை மிடறு மிடறாகக் குடிக்கிறவருக்குக் கேடா?" என்று கேட்டாள். அப்போது என் கையில் பிளேன்டீக் கோப்பை இருந்தது.

2021இல் ஹைஜினிஸ்ட் படிப்புக்கு இடம் கிடைத்தது. அப்போது அங்கே பல்கலைக்கழகக் கட்டணம் வருடத்துக்கு 9,250 பவுண் வரை இருந்தது. அரசு கடன் தரும், ஆனால் அதற்கு வட்டி. வட்டியில்லாத முறை ஒன்றுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் 2017இல் இடம் வைத்தார்கள். அவள் படித்து முடிக்கும்வரை அது நடைமுறைக்கு வரவில்லை. என்னிடம் கேட்டாள். மார்க்கச் சட்டம் கேட்டால் பதில் சொல்வது எனக்கு இலகு. ஆனால் 2001இல் இலகுவாக ஒரு பதில் சொன்னவன் நான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. "கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு, உம்மாவோடும் மச்சானோடும் பேசினேன். அவளுடைய தாலிக்கொடியும் உம்மாவின் இரண்டு காப்பும் போயின. என் பங்காக நான் வாங்க வைத்திருந்த மோட்டார் சைக்கிள் போயிற்று. மீதிக்கு அவள் வார இறுதிகளில் தாதி வேலை பார்த்தாள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இருபது வருடக் கடனில் ஒரு தவணை என்றுதான் நான் வைத்திருக்கிறேன்.

உடை பற்றிச் சிலர் கேட்பீர்கள். நோயாளியைத் தொடும்போது முழங்கைக்குக் கீழே துணி இருக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. முஸ்லிம் பெண்களைக் கருதி, ஒரு தடவை பாவித்துவிட்டு எறியும் மேற்கை உறைகளை அணியலாம் என்று 2010இலேயே அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் வழிகாட்டல் கொடுத்துவிட்டது. கேட்டால்தான் தெரியும். கேட்காமலே 'நமக்கு ஒத்துவராது' என்று விட்டவர்கள் நம்மில் அதிகம்.

செய்முறைதான் அவளுக்கு அதிகம் பிடித்தது. பிளாஸ்டிக் தலையொன்றில் பொய்ப் பற்களைப் பூட்டி வைத்திருப்பார்கள். சுரண்டும் கருவியைப் பேனாவைப் போலப் பிடித்து, ஒரு விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றி, மணிக்கட்டை மட்டும் அசைக்க வேண்டும். தலை, கழுத்து உடற்கூற்றியல் பரீட்சையில் முதல் தடவை சித்தியடையவில்லை. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு சோடி நரம்புகளில் எது முகத்துக்கு, எது நாக்குக்கு என்பதில் குழம்பிவிட்டாள். இரண்டாம் தடவை எழுதித் தேறினாள்.

அவளுக்கு உற்சாகமூட்ட நானும் ஒரு பாடம் அனுப்பினேன். குர்துபாவுக்கு அருகில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, ஆயிரம் வருடங்களுக்கு முன் எழுதிய அத்தஸ்ரீஃப் என்ற வைத்திய நூலில், பல்லில் படியும் கல்லைச் சுரண்டுவதற்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். எந்த இடத்துக்கு எந்த வடிவக் கருவி என்று படங்களும் வரைந்திருக்கிறார். அரபுக் கல்லூரியில் படித்த எனக்கு அந்த அறபு விளங்கியது, விஷயம் விளங்கவில்லை. அவளுக்கு அறபு விளங்காது, விஷயம் விளங்கும். நான் வாசித்துச் சொல்லச் சொல்ல, "இது நாங்க பாவிக்கிற சிக்கிள் மாதிரி இருக்கு, இது வேறு" என்று அவள் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுவதும் அப்படிப் போயிற்று. அவளோடு சேர்ந்து படித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவள் அனுப்பிய இன்னொரு செய்தி உம்மாவைச் சிரிக்க வைத்தது. பல் வைத்தியத்தில் பாவிக்கும் பொருட்களைப் பற்றிய பாடத்தில், பற்பசைக்கு வெள்ளை நிறம் கொடுப்பது பெரும்பாலும் டைட்டேனியம் டையொக்சைட் என்று படித்தாளாம். தாடையில் பொருத்தும் செயற்கைப் பல்லின் வேர் டைட்டேனியம் உலோகம். வெள்ளைப் பல்லுறைகளில் சிலவற்றைச் சேர்க்கோனியாவில் செய்கிறார்கள். டைட்டேனியம் கிடைப்பது இல்மனைட், ரூட்டைல் என்ற கனியங்களிலிருந்து. சேர்க்கோனியா கிடைப்பது சேர்க்கோனிலிருந்து. மூன்றும் எங்கள் ஊர்க் கடற்கரை மணலில் உள்ளவை! வாப்பா ஆயுள் முழுவதும் கறுப்பு மணலைச் சலித்துக் கப்பலேற்றிய கூட்டத்தில் ஒருவர். அது எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. "வாப்பாட மணல் ஆக்கள்ட வாய்க்குள்ள இருக்குது உம்மா" என்று அவள் சொன்னாள்.

2023இல் படிப்பு முடிந்து பதிவும் கிடைத்தது. அடுத்த வருடம் ஓகஸ்டில் ஊருக்கு வந்தாள். வந்து இரண்டாம் நாள் விறாந்தையில் உம்மாவை இருத்தி, "வாயைத் திறங்க" என்று போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். உம்மா நாற்பது வருடமாக வெற்றிலை போடுபவர். இடது கன்னத்தின் உள்ளே, வெற்றிலை ஒதுக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு படை. "அது வெற்றிலைக் கறை" என்றேன் நான். சீலைத் துண்டால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. அன்றிரவே மச்சானிடம் வான் பிடிக்கச் சொன்னாள்.

வைத்தியசாலையில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை இரண்டு வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அல்ஹம்துலில்லாஹ், புற்றுநோய் அல்ல. ஆனால் விட்டுவிட்டால் அப்படி மாறக்கூடிய வகை என்றார்கள். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அன்றோடு நிறுத்த வேண்டும், சில மாதங்களுக்கொரு தடவை காட்ட வேண்டும். உம்மாவின் வட்டாவை நானே எடுத்து ஒளித்து வைத்தேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது ஏலக்காய் ஒன்றை மென்றுகொண்டு என்னை முறைக்கிறார்.

நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா? பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவருடைய குழுவினரும் இலங்கையில் நடத்திய ஓர் ஆய்வு 1984இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. அடிப்படைச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து 28 ஆயிரத்துக்கும் அதிகமானோரின் வாயைப் பார்க்க வைத்தார்கள். சந்தேகமானவற்றை அவர்களால் அடையாளம் காண முடிந்தது. பழக்கிய கண் இருந்தால் போதும். அந்தக் கண் எங்கள் வீட்டில் இருபது வருடம் முன்பே இருந்திருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு உடனே நம் நாட்டில் விண்ணப்பம் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பாடசாலைப் பல் சிகிச்சையாளர் என்ற சேவை இருக்கிறது. 1921இல் நியூசிலாந்தில் தொடங்கிய முறையைப் பின்பற்றி வந்தது. பயிற்சி மகரகமவில். பாடசாலைகளில் வெள்ளை உடுப்பு மிஸ்மாரைக் கண்டிருப்பீர்கள். ஆனால் அதில் சேர உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும். கலைப்பிரிவில் படித்தவர் வேலையில் இருந்துகொண்டே திரும்பிப் போய் அந்தப் பாடங்களை முடித்து உள்ளே வருவதற்கு, என் தங்கைக்கு அங்கே கிடைத்தது போன்ற சுற்றுப்பாதை இங்கே எளிதாக இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களும் கணக்கைச் சரியாகப் போடுங்கள். தாதியாகச் சேர்ந்த நாளிலிருந்து ஹைஜினிஸ்டாகப் பதிவு கிடைக்க அவளுக்கு ஏழு வருடம் பிடித்தது. பதினாறு வயதில் தொடங்கியிருந்தால் அதைவிடக் குறைந்த காலம் போதும்.

என் மகளுக்கு இவ்வருடம் சாதாரண தரப் பெறுபேறு வந்தது. விஞ்ஞானத்தில் நல்ல சித்தி. இருபத்து நான்கு வருடமாக மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சை அவளை அழைத்து ஆரம்பித்தேன். திருகோணமலையில் விடுதி பார்த்திருக்கிறேன், காசைப் பற்றி யோசிக்காதே, இப்போது ஆற்றுக்குப் பாலம் இருக்கிறது, வாரம் ஒரு தடவை நானே வந்து பார்ப்பேன் என்றெல்லாம் சொன்னேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"வாப்பா, நான் வர்த்தகப் பிரிவு எடுக்கப் போறேன்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். உள்ளே இருந்த மனைவி சிரித்துவிட்டாள். அன்றிரவு தங்கையிடம் போனில் சொன்னபோது அவளும் சிரித்தாள். "ஏனென்று கேட்டீங்களா நானா?" என்றாள். கேட்கவில்லை. மறுநாள் சுபஹுக்குப் பிறகு தேநீரோடு மகளின் அருகில் போய் உட்கார்ந்து கேட்டேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். பாடசாலைக்கு நேரமாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.